ஓடை நீரில் சுழலும் 1,500 வாட் டர்பைன்: இரண்டு மழைக்காலம் ஓட்டிய பிறகு ஒரு மதிப்புரை

பர்மாவின் மொன் மாநிலத்தில், முடோனுக்குக் கிழக்கே, தவுங்ஞோ மலைத்தொடரின் அடிவாரத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஒன்பது வீடுகளுக்கும் ஒரு மாரியம்மன் கோயிலுக்கும் இரண்டு மழைக்காலமாக வெளிச்சம் தந்துகொண்டிருப்பது, சீனாவை ஒட்டிய மூசே எல்லை வழியாக வந்து சேர்ந்த ஒரு சிறிய சீன டர்பைன். அதன் தகட்டில் 1,500 வாட் என்று பொறித்திருக்கிறது. எங்கள் ஓடையில் அது தருவது 620 வாட். இந்த இரண்டு எண்களுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பது தெரியாமல் வாங்கியவர்கள், பொருளே மோசம் என்று சொல்லி அதை மாட்டுக்கொட்டகை மூலையில் போட்டுவிட்டதை நான் இரண்டு ஊர்களில் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டு வாங்கினால், கொடுத்த காசுக்கு இதைப்போல உழைக்கும் பொருள் வேறில்லை என்பது என் முடிவு. மோல்மீனில் மோட்டார் காயில் கட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால், கையில் எப்போதும் மீட்டர் உண்டு. கீழே உள்ள அளவுகள் எங்கள் ஓடைக்கரையில் நானே எடுத்தவை. தயாரித்தவர் பெயரையும் விற்றவர் பெயரையும் எழுதவில்லை. ஒரே இயந்திரம் பச்சை, நீலம் என்று நிறம் மாறி, பெயரும் மாறி எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. பெயரைச் சொல்வதால் வாங்குபவருக்குப் பயனில்லை.

முதலில் எங்கள் தேவையைச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து மின்கம்பத்திலிருந்து எங்கள் வீடுகளுக்கு ஏறக்குறைய இரண்டு மைல். அவ்வளவு தூரம் கம்பி இழுக்கும் செலவை ஒன்பது குடும்பங்கள் தாங்க முடியாது. கம்பி வந்த ஊர்களிலும் நாளில் சில மணி நேரம்தான் கரண்ட் இருக்கிறது. நீர்மின்சாரம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1898இலேயே மொகோக் மாணிக்கச் சுரங்கத்துக்காக ஒரு நீர்மின் நிலையம் ஓடியது. ஜப்பான் கொடுத்த போர் இழப்பீட்டைக் கொண்டு கட்டிய லோப்பித்தா நிலையம் 1960இல் 84 மெகாவாட்டுடன் தொடங்கி ரங்கூனுக்கு மின்சாரம் அனுப்பியது. ஆனால் உயர் அழுத்தக் கம்பி தலைக்கு மேலே செல்வதும் வீட்டில் விளக்கு எரிவதும் ஒன்றல்ல என்பதை மலைப்பக்கத்தில் வாழும் எவரும் அறிவார். அதனால் பெட்ரோல் ஜெனரேட்டரை நம்பி இருந்தோம். மாலை ஆறு மணி நேரம் ஓட்டினால் மூன்று லிட்டருக்கு மேல் குடிக்கும். பெட்ரோல் கிடைக்காத வாரங்களில் மெழுகுவர்த்திதான். சோலார் தகடுகளும் சில வீடுகளில் இருந்தன. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இந்தக் கரையோரத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அவை பாசி பிடித்துக் கூரையில் கிடந்தன என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை. அதே நான்கு மாதமும் வீட்டுக்குப் பின்னால் ஓடை இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது.

பெட்டியில் வந்தது இவ்வளவே: 18 வீசை, அதாவது ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள ஓர் இயந்திரம், அதன் அடியில் இரும்புக் கூடு, கூட்டுக்குள் விரித்த உள்ளங்கை அளவுள்ள ஒரு சக்கரம், சக்கரத்தின் மீது சாய்வாக நீரைப் பீச்சும் இரண்டு நாசில்கள், மேலே நிலைக்காந்த ஜெனரேட்டர். சக்கரத்தில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். டர்கோ என்று இந்த வகைக்குப் பெயர். இங்கிலாந்தின் கில்க்ஸ் நிறுவனம் 1919இல் இதை உருவாக்கியது. பெல்டன் என்ற இன்னொரு வகைச் சக்கரத்தில் நீர் கிண்ணத்தின் நடுவே மோதி இரு பக்கமும் பிரிந்து திரும்புவதால் வெளியேறும் நீர் அடுத்த கிண்ணத்துக்கு இடைஞ்சலாக இருக்கும். டர்கோவில் அந்தத் தொல்லை குறைவு என்பதால், சக்கரம் சிறியதாக இருந்தாலும் கூடுதல் நீரை ஏற்கும். மலை மிக உயரமாகவும் இல்லாமல், வாய்க்கால் போலத் தட்டையாகவும் இல்லாமல் இருக்கும் எங்கள் இடத்துக்கு இந்த வகையே பொருத்தம். கார்பன் பிரஷ் இல்லாததால் தேய்வதற்கு உள்ளே இருப்பது பேரிங் மட்டும்தான் என்பதும் எனக்குப் பிடித்தது. கூட்டின் வார்ப்பு சுமார்தான். ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்த பிறகே கையை வைக்க முடிந்தது. காயில் கட்டியிருக்கும் விதத்தைத் திறந்து பார்த்தேன். வார்னிஷ் நன்றாக ஊறியிருந்தது. செம்பிலும் குறை வைக்கவில்லை.

இனி அந்த 1,500 வாட்டுக்கு வருவோம். தகட்டில் சீன எழுத்தில் இருந்த இன்னொரு வரியை மோல்மீனில் ஒரு சீன நண்பரிடம் காட்டிப் படிக்கச் சொன்னபோதுதான், அது 28 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழும்போது கிடைக்கும் அளவு என்று தெரிந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீரின் ஆற்றலைக் கணக்கிடுவது எளிது: நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி மீண்டும் 9.8ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் இந்த அளவுள்ள இயந்திரத்தில் மின்சாரமாகக் கைக்கு வரும். பெரிய அணைகளின் டர்பைன்களைப் போல இதிலும் 90 விழுக்காடு எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்களுக்கு உயரம் 18 மீட்டர், எடுக்கும் நீர் நொடிக்கு 8 லிட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 1,400 வாட்; குழாயில் உரசி இழப்பது போகச் சக்கரத்துக்கு வந்து சேர்வது 1,330. அதில் 620 வாட் கிடைக்கிறது என்றால் 47 விழுக்காடு. சக்கரம் 28 மீட்டருக்கென்று செய்யப்பட்டது. 18 மீட்டரில் வரும் நீருக்கு அந்த வேகம் இல்லை. வோல்ட்டேஜ் குறையாமல் இருக்க வேண்டுமானால் சக்கரத்தை அதன் சொந்த வேகத்தில் ஓடவிட வேண்டியிருக்கிறது. அதனால் கிண்ணங்கள் நீரை முழுதாகப் பிடிக்காமல் முந்தி ஓடிவிடுகின்றன. 18 மீட்டருக்கு ஏற்ற சக்கரம் உள்ள இயந்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் ஐம்பது அறுபது வாட் வந்திருக்கும் என்று கணக்கிடுகிறேன்.

உயரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலும் ஓர் அளவுகோலும் போதும். படிப்படியாகக் கீழே இறங்கிக் கூட்டிக்கொண்டே வரலாம். குழாய் போட்ட பிறகு அடியில் ஓர் அழுத்தமானியை மாட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டும். நீரை அளக்க 200 லிட்டர் டிரம் ஒன்றை ஓடையின் வழியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தோம். நவம்பரில் 15 நொடி. ஏப்ரல் கடைசியில் 80 நொடி. ஆகஸ்டில் டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஓடையில் நிற்கவே முடியாது. வாங்குவதற்கு முன்பே ஏப்ரல் அளவை எடுத்துவைத்திருந்ததுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று சொல்வேன்.

அடுத்தது குழாய். இயந்திரத்தைவிடக் குழாய்க்குத்தான் அதிகச் செலவு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மேலே சிமெண்டுத் தொட்டியிலிருந்து கீழே கொட்டகை வரை 110 மீட்டர். மூன்று அங்குலப் பிவிசி குழாய் போதும் என்ற பேச்சை நம்பி அதையே போட்டோம். வால்வை மூடியிருக்கும்போது அழுத்தமானி 25 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டியது; திறந்து இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முள் 20க்கு இறங்கியது. கிடைத்தது 480 வாட். காணாமற்போன அந்த ஐந்து பி.எஸ்.ஐ.யும் குழாயின் சுவரில் உரசித் தீர்ந்த ஆற்றல். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்கு அங்குலக் குழாய்க்கு மாற்றினோம். அதே இயந்திரம், அதே நீர், அதே நாசில். முள் 24இல் நின்றது, வாட் 620 ஆனது. அந்த மாலை நான் அழுத்தமானியின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அங்குலக் குழாய் வீணாகவில்லை, கோயில் கிணற்றுப் பாசனத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் இரண்டு முறை குழாய் வாங்கிய செலவு எங்கள் கணக்கில் இன்னமும் இருக்கிறது. வெயில் படும் இடங்களில் குழாயை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை, அது விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. சுமையைச் சமன் செய்யும் கண்ட்ரோலர் பெட்டியில் இல்லை. தேவையும் இல்லை என்றார்கள். இது சாதாரணக் குறையன்று. நீர் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். வீடுகளில் விளக்கை அணைத்தால் இயந்திரத்துக்குத் தெரியாது, சுமை குறைந்ததும் அது வேகம் எடுக்கும், வோல்ட்டேஜும் கூடவே ஏறும். முதல் வாரத்தில் ஓர் இரவு, நாடகம் முடிந்து நான்கு வீடுகளில் ஒரே சமயத்தில் டிவியை அணைத்தார்கள். மற்ற வீடுகளின் விளக்குகள் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. நான் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 312 வோல்ட். அன்று ஏழு எல்இடி பல்புகளும் கோயில் ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபயரும் போயின. ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரமே இருந்த நிலையில் பூசாரி மாமா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அதைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து வைத்ததை நான் மறக்கவில்லை.

தென் ஷான் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் சிறு நீர்மின் இயந்திரங்கள் ஓடுவதால் அங்கே இதற்கான கண்ட்ரோலர்களைக் கைத்தொழிலாகவே செய்கிறார்கள். அப்படி ஒரு பட்டறையிலிருந்து வரவழைத்தோம். அது செய்யும் வேலை இதுதான்: வீடுகள் எவ்வளவு எடுத்தாலும் இயந்திரத்தின் மீதுள்ள மொத்தச் சுமையை மாறாமல் வைத்திருக்கும், வீடுகளுக்கு வேண்டாத மிச்சத்தை, நீர் நிரப்பிய ஒரு டிரம்முக்குள் இருக்கும் ஹீட்டர் கம்பிக்குத் திருப்பிவிடும். இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கு ஆனது. அது வந்த நாளிலிருந்து 215க்கும் 230க்கும் இடையில் வோல்ட்டேஜ் நிற்கிறது. ஒரு பல்புகூடப் போகவில்லை. கண்ட்ரோலரை ஊர்ப் பக்கம் வைக்காமல் டர்பைன் கொட்டகையிலேயே வைக்க வேண்டும். 260 மீட்டர் கம்பியில் எங்காவது மரக்கிளை விழுந்து அறுந்தாலும் சுமை இல்லாமல் இயந்திரம் தறிகெட்டு ஓடாது. ஹீட்டர் கம்பி ஒருபோதும் நீருக்கு வெளியே தெரியக்கூடாது. எங்கள் டிரம்மின் விளிம்பில் ஒரு சிறு குழாய் வைத்து, ஓடை நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டிருக்கிறோம்.

அந்த டிரம் நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்றைத் தந்தது. இரவு பத்து மணிக்கு மேல் வீடுகள் அடங்கியதும் ஐந்நூறு வாட்டுக்கு மேல் ஹீட்டருக்குத்தான் போகிறது. விடிவதற்குள் 200 லிட்டர் நீரும் 15 பாகை சூடேறிவிடுகிறது. நள்ளிரவுக்கு மேல் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் தலைவிளக்கோடு இறங்கிவரும் பாதை எங்கள் கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. டிசம்பர்க் குளிரில், பால் ஒட்டிய விரல்களை அந்த வெந்நீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டே, "இது இல்லாம இத்தனை வருசம் எப்படிப்பா இருந்தோம்" என்று என் பெரியம்மா கேட்டார். ஊரில் இந்தத் திட்டத்துக்குப் பணம் போடத் தயங்கியவர்களில் அவர்தான் முதல்வர்.

கொட்டகையிலிருந்து ஊருக்கு இழுத்த கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், முழுச் சுமையில் பத்து வோல்ட் இழக்கிறோம், 1.5 போட்டிருந்தால் பதினேழு. கம்பியை மரத்தில் ஆணி அடித்துக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மூங்கில் தூணில் பீங்கான் குப்பி வைத்து இழுத்தோம். எர்த் கம்பி அடித்து, 30 மில்லியாம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கரும் வைத்தோம். மழை ஊறிய தோட்டத்தில், வெறுங்காலோடு நடப்பவர்கள் நடுவே, 230 வோல்ட் என்பது விளையாட்டன்று. இந்த இரண்டையும் வைக்காமல் யாரும் இதைத் தொடங்கக்கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

620 வாட்டை ஒன்பது வீடுகளுக்கு எப்படிப் பங்கிடுகிறோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று எல்இடி விளக்கு, ஒரு டிவி, போன் சார்ஜர்; கோயிலுக்கு ஐந்து விளக்கு, வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி. இரண்டு வீடுகளில் மின்விசிறி. ஊருக்குப் பொதுவாக ஒரு சிறிய குளிர்பெட்டி. அதில் மருந்தும் மீனும் வெவ்வேறு தட்டில் இருக்கும். இஸ்திரிப் பெட்டி பகல் நேரத்தில், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. ரைஸ் குக்கர் மட்டும் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இதைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மாலையில் திடீரென்று விளக்குகள் மங்கினால் யார் வீட்டில் சோறு வேகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நேரில் போய்ச் சொல்ல மனம் வராது. அண்மையில் வீட்டுக்கு வீடு சிறிய ஃபியூஸ் வைத்த பிறகுதான் அந்த மனக்கசப்பு தீர்ந்தது. தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இயந்திரம் தானாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வரும் நீரைத் தினமும் கவனிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் வாய்க்கால் முகப்பில் போட்டிருக்கும் வலை காலைக்குள் மூடிக்கொள்ளும். இலை அடைத்தால் நீர் குறையும், குழாய்க்குள் காற்று புகும், நாசில் துப்பத் தொடங்கும். வீட்டில் விளக்கு துடிப்பதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். முதலில் கொசுவலையை மூங்கில் கூடையில் சுற்றி வைத்தோம். இப்போது துளையிட்ட துருப்பிடிக்காத தகட்டைச் சாய்வாக வைத்திருப்பதால் இலைகள் பெரும்பாலும் தாமாகவே வழுக்கிப் போய்விடுகின்றன. மணல் படிவதற்கு ஒரு தொட்டியும், அடியில் திறந்துவிட ஒரு வால்வும் கட்டாயம் வேண்டும். முதல் மழைக்காலத்தில் தொட்டியை நாங்கள் சிறியதாகக் கட்டியதால் மணல் உள்ளே போய்விட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது கிண்ணங்களின் விளிம்பு, நெடுநாள் தீட்டிய அரிவாள்மணையைப் போல மெலிந்திருந்தது. தொட்டியை இரு மடங்காக்கிய பிறகு தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை.

கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் பால் வால்வை (ball valve) இதற்குப் போடாதீர்கள். என் தம்பி மகன் ஒரு நாள் அதைப் படக்கென்று மூடினான். ஓடிக்கொண்டிருந்த 110 மீட்டர் நீரும் ஒரே கணத்தில் நின்றதால் ஏற்பட்ட அழுத்தத்தில், நடுவில் ஓர் இணைப்பு வெடித்துப் பிளந்தது. அந்த ஒரு கணம் குழாய் தாங்க வேண்டிய அழுத்தம், நிற்கும் நீரின் அழுத்தத்தைப்போல மூன்று மடங்கு வரை போகும். மெதுவாகச் சுற்றி மூடும் கேட் வால்வு போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பொருளின் மீது எனக்குள்ள நேரடியான குறை பேரிங்தான். ஒன்பதாம் மாதம் அது கரகரக்கத் தொடங்கியது. திறந்தபோது உள்ளே கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது. அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் நீரைத் தடுக்கவில்லை. எங்கள் இயந்திரத்தில் இருப்பது 6205 எண் பேரிங். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கிறது. இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்கி, ரப்பர் வளையத்தையும் மாற்றி, அச்சின் மீது நீரைச் சிதறடிக்க ஒரு சிறிய தகட்டு வட்டத்தையும் மாட்டினேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. இரண்டு மணி நேர வேலை; ஆனால் பேரிங் கழற்றும் புல்லர் இல்லாத ஊரில் இது ஒரு வார இருட்டாக முடியும் என்பதால், வாங்கும் அன்றே ஒரு ஜோடி பேரிங்கும் இரண்டு ரப்பர் வளையமும் சேர்த்து வாங்கிவைத்துவிடுவது நல்லது. மே மாத இடியில் கண்ட்ரோலரின் போர்டு ஒரு முறை கருகியது. அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது; மின்னல் தடுப்பு வைக்காதது எங்கள் தவறு.

வறட்சியில் என்ன ஆகும்? நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மழை அநேகமாக இல்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு நாசிலை மூடிவிடுகிறோம். மார்ச் நடுவில் மிச்சமிருக்கும் நாசிலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 17 மில்லிமீட்டர் துளைக்கு வேண்டிய நீர் அப்போது ஓடையில் இல்லை. பித்தளையை லேத்தில் கடைந்து 13 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் ஒன்று செய்துகொண்டேன். ஏப்ரலில் நொடிக்கு 2.5 லிட்டர் நீரில் 170 வாட் கிடைக்கிறது. விளக்குகளுக்கும் போனுக்கும் அது போதும். குளிர்பெட்டியை நிறுத்திவிடுகிறோம், டிரம்மில் வெந்நீர் இல்லை. அந்த மாதங்களில் வெயில் தீயாய்க் காய்வதால், கூரையில் கிடந்த சோலார் தகடுகளைத் துடைத்துப் பகல் வேலைக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று சோர்கிற காலத்தில் மற்றொன்று வேலை செய்கிறது. ஓடை முற்றிலும் வற்றிவிடும் இடமாக இருந்தால் மட்டும் இந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

விலையைக் கியாட்டில் எழுதினால் நீங்கள் படிக்கும்போது பொருந்தாது. இயந்திரம் மட்டும் ஒரு புதிய சீன மோட்டார் சைக்கிளின் விலையில் பாதி. குழாய், கண்ட்ரோலர், கம்பி, சிமெண்டு எல்லாம் சேர்த்து, மூன்று அங்குலக் குழாயில் விட்டதையும் கூட்டினால், இரண்டு மோட்டார் சைக்கிள் விலை. ஒன்பது வீடுகளுக்குப் பிரித்தால், ஒரு வீடு பெட்ரோல் ஜெனரேட்டருக்கு ஓராண்டில் செலவிட்டதைவிடக் குறைவு. 620 வாட் என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். இரவும் பகலும் ஓடுவதால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 யூனிட். நல்ல வெயிலிலும் இதைச் சோலாரில் பெற 3,000 வாட்டுக்கு மேல் தகடுகளும், இரவுக்கு ஒரு பாட்டரி வரிசையும் வேண்டும். பாட்டரி என்ற ஒன்றே இல்லாமல் இரவு முழுவதும் விளக்கு எரிவதுதான் இந்த இயந்திரத்தின் மிகப் பெரிய சிறப்பு.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. வயல் வாய்க்காலைப் போல ஒன்றரை, இரண்டு மீட்டர் மட்டுமே வீழ்ச்சி இருந்தால், நீருக்குள் விசிறி சுழலும் ப்ரொபெல்லர் வகையை வாங்க வேண்டும். அதற்கு நொடிக்கு 30, 40 லிட்டர் நீர் தேவைப்படும். ஐம்பது, நூறு வீடுகள் உள்ள ஊராக இருந்தால், இப்படிப்பட்ட சிறு பெட்டிகளை அடுக்கிவைப்பதைவிட, நம் நாட்டுப் பட்டறைகளில் இரும்புத் தகட்டை வளைத்துப் பற்றவைத்துச் செய்யும் கிராஸ்ஃப்ளோ டர்பைன் நல்லது. ஆஸ்திரேலியப் பொறியாளர் மிச்செல் 1903இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. வார்ப்பு வேலை இல்லாததால் உள்ளூரிலேயே செய்யவும் பழுது பார்க்கவும் முடியும். பத்துப் பதினைந்து வீடுகள், 15 முதல் 30 மீட்டர் இறக்கம், ஏப்ரலிலும் வற்றாத ஓடை, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒருவர்: இவை இருக்கும் ஊருக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

தன்பியூசயாத் பக்கம் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் போன வாரம் வந்து, எங்கள் டிரம்மில் குளித்துவிட்டு, இதே இயந்திரம் ஒன்றை உடனே வாங்கித் தரச் சொன்னார். அவருடைய ஓடை இப்போது கரை நிறைய ஓடுகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஏப்ரல் கடைசியில் 200 லிட்டர் டிரம்மோடும் ட்யூப் லெவலோடும் நானே வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.